ஃபோக்ஸ்வேகன்: ஸ்டாம்ப் ஒட்டினவர்கள் எங்கே போனார்கள்?

ஃபோக்ஸ்வேகன் வரலாறுன்னு தேடினால் எங்கும் ஒரே கதைதான். ஹிட்லர் கேட்டார், போர்ஷே வடிவமைத்தார், போர் முடிந்ததும் பிரிட்டிஷ் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் தொழிற்சாலையை மறுபடி ஓட வைத்தார், அப்புறம் அமெரிக்கா, ஹிப்பிகள், சுபம். எனக்கு இதில் ஒரு புகார் உண்டு. பணம் கட்டினவன் இந்தக் கதையில் வருவதே இல்லை.

1938-இல் தொடங்கிய சேமிப்புத் திட்டம் அது. வாரம் 5 மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டணும். காரின் விலை 990 மார்க். சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள். ஒருத்தருக்கும் கார் வரவில்லை. தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது, அதுவும் பிடித்துவரப்பட்ட தொழிலாளர்களை வைத்து. அங்கே அந்தப் பெண்களுக்குப் பிறந்த கைக்குழந்தைகள் முந்நூறுக்கும் மேல் கம்பெனி நடத்திய காப்பகத்தில் செத்துப்போயின. போருக்குப் பின் ஸ்டாம்ப் ஒட்டினவர்கள் வழக்குப் போட்டார்கள். இழுத்து இழுத்து 1961-இல் சமரசம்: புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, இல்லாவிட்டால் 100 மார்க் ரொக்கம். அதற்குள் 1959-இல் தொடங்கிய விளம்பரங்கள் பீட்டிலை அமெரிக்காவில் 'நேர்மையான சின்னக் கார்' ஆக்கியிருந்தன.

நியாயமாகச் சொல்லணும்னா, கம்பெனியே ஹான்ஸ் மாம்சனிடம் தன் நாஜிக் கால வரலாற்றை ஆராயச் சொன்னது. 1996-இல் வந்த அந்தத் தடித்த புத்தகம் பெரிதாக எதையும் மழுப்பவில்லை. எத்தனை கம்பெனி இதைச் செய்யும்?

2015-இல் டீசல் மோசடி. சோதனை நடப்பதைக் கண்டுபிடித்துப் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகளில். "இப்படிப்பட்ட கம்பெனியா!" என்று பலர் அதிர்ந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எப்படிப்பட்ட கம்பெனி? விளம்பரத்தில் பார்த்ததா?

அடுத்த வருடமே, மாம்சனோடு சேர்ந்து அந்தப் புத்தகத்தை எழுதிய, கம்பெனியின் சொந்த வரலாற்றாசிரியர் மான்ஃப்ரெட் க்ரீகர், ஆடி பற்றிய நாஜிக் கால ஆய்வு ஒன்றை விமர்சித்தபின் வேலையை விட்டு வெளியேறினார்.