பக்கத்தில் உட்காரும் ஆள்

மாணவர்களுக்காகச் செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் ஒன்றை உருவாக்கப் போகிறேன் என்று முதலீட்டாளர் முன்னால் போய் நிற்பவர், பேச்சின் தொடக்கத்திலேயே பெஞ்சமின் புளூமின் பெயரை எடுத்துவிடுவார். ஆளுக்கொரு ஆசிரியர் தனியே சொல்லிக்கொடுத்தால் நடுத்தர மாணவர்கூட வகுப்பின் முதல் சில பேரோடு சேர்ந்துவிடுவார் என்று 1984இல் எழுதியவர் புளூம். 2023இல் கான் அகாதமியின் சல்மான் கான் தமது செயற்கை நுண்ணறிவு ஆசிரியரான 'கான்மிகோ'வைப் பற்றி டெட் மேடையில் பேசியபோதும் அதையே அடித்தளமாக வைத்துக்கொண்டார். புளூம் சொன்ன அளவு மிகை. 2011இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனி ஆசிரியரால் விளையும் பலன் அதில் பாதிகூடத் தேறவில்லை. ஆனால் அதே தொகுப்பில் இன்னொன்றும் தெரிந்தது: கணக்கைப் படிப்படியாகச் சரிபார்த்து வழிநடத்தும் கணினி ஆசிரியர், மனித ஆசிரியரை ஏறக்குறைய எட்டிப்பிடித்திருந்தது. ஆகவே இந்தத் தொழில்முனைவோரை வாய்ச்சொல் வீரர் என்று ஒதுக்கிவிட முடியாது.

கள்ளக்குறிச்சியில் வைத்துப் பார்த்தால் இதன் கவர்ச்சி இன்னும் கூடுகிறது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. மேற்கே நிற்கும் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மலைமக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அடிப்படையிலிருந்தே கேட்க வேண்டியிருந்தது. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ படிக்கும் பிள்ளைக்கு நல்ல டியூஷன் வேண்டுமென்றால் மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும். அங்கே ஒரு செயலி இரவு ஒன்பது மணிக்கும் சலிக்காமல் பின்னத்தை விளக்கும் என்றால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இந்தியாவில் இதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. அகமதாபாத்தில் 2001இல் தொடங்கிய எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் நிறுவனத்தின் 'மைண்ட்ஸ்பார்க்', மாணவர் செய்யும் பிழைகளைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள். 2015இல் டெல்லியில் 619 மாணவர்களை வைத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகியோர் இதைச் சோதித்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம். கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். காரணமும் தெளிவு. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை ஆண்டு பின்தங்கியிருந்தது. பாடநூல் ஆறாம் வகுப்பில் நிற்க, மென்பொருளோ பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே போய்த் தொடங்கியது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியரால் இது எளிதில் ஆகாது. இந்தத் தளங்களின் உண்மையான பலம் இதுதான். பேசும் குரலும் பாராட்டும் பொம்மையும் அதற்குப் பிறகு வருபவை.

ஆனால் அதே ஆய்வில் விளம்பரத்துக்கு வராத செய்திகள் இரண்டு உண்டு. பள்ளி நடத்திய அந்தந்த வகுப்புக்கான கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து நான்காம் வகுப்புக் கழித்தலைச் சரிசெய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வில் அது எப்படித் தெரியும்? மதிப்பெண்ணைப் பார்த்துப் பணம் கட்டும் பெற்றோரிடம் இதைச் சொல்லி விற்பது கடினம். அதனால் யாரும் சொல்வதில்லை. இரண்டாவது செய்தி, அந்த மையங்களில் ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் கணினிக்கு. மீதிப் பாதியில் ஓர் உதவி ஆசிரியர் சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பலனில் எவ்வளவு மென்பொருளுடையது, எவ்வளவு அந்த ஆளுடையது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வில் வழியில்லை.

அந்த ஆளைத்தான் நான் ஒவ்வொரு வெற்றிக் கதையிலும் தேடுகிறேன். பெரும்பாலும் கதையின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறார். புதுச்சேரிப் பக்கம் காளிக்குப்பத்தில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா செய்த சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் மூலக்கூறு உயிரியலைக் கணினியில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். சில மாதங்களில் அவர்கள் தாங்களாகவே நூற்றுக்கு முப்பது எடுத்தார்கள் என்பது உலகம் முழுக்கச் சுற்றிய செய்தி. ஐம்பதைத் தொட்டது அதற்குப் பிறகு, உயிரியல் தெரியாத உள்ளூர் இளம்பெண் ஒருவர் பின்னால் நின்று "எப்படிக் கண்டுபிடிச்சே, எனக்கும் சொல்லு" என்கிற பாணியில் ஊக்கம் கொடுத்தபோது. ஆசிரியர் இல்லாமலே கற்கலாம் என்பதற்கு மேற்கோளாகிவிட்ட ஆய்வு அது. எனக்கு அது நேர் எதிரான பாடமாகப் படுகிறது.

உரையாடும் செயலிகள் வந்த பிறகு ஆபத்து கூடியிருக்கிறது. பழைய மென்பொருளுக்குக் கேள்வி கேட்க மட்டுமே தெரியும்; புதியதற்கு விடையும் சொல்லத் தெரியும். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், சாட்ஜிபிடி போன்ற கருவியைக் கையில் வைத்திருந்தவர்கள் பயிற்சிக் கணக்குகளை 48 விழுக்காடு கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். கருவியை வாங்கிவைத்துத் தேர்வு எழுதச் சொன்னபோது, அது கிடைக்காதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு கட்டுப்படுத்திய கருவியில் இந்தச் சேதம் பெருமளவு இல்லை. அந்தக் கட்டுப்பாட்டை எழுத எந்தக் கேள்வியில் பிள்ளைகள் எப்படித் தடுமாறுவார்கள் என்று தெரிந்த ஆசிரியர் வேண்டும். கட்டுப்பாடு இருந்தால் பிள்ளை எரிச்சலடைந்து செயலியை மூடிவிடும் வாய்ப்பும் உண்டு. தினசரிப் பயன்பாட்டு நேரத்தை முதலீட்டாளரிடம் காட்ட வேண்டிய நிறுவனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மொழிச் சிக்கல் குறைந்துவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உரையாடும் செயலிகளின் மொழி மாதிரிகள் தமிழை எழுத்து எழுத்தாக உடைத்துச் செலவைக் கூட்டிக்கொண்டிருந்த நிலை மாறுகிறது. ஜிபிடி-4ஓ வெளியானபோது 116 துண்டுகளான ஒரு தமிழ்ப் பகுதி 35 துண்டுகளில் அடங்குவதாக ஓப்பன்ஏஐ காட்டியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் பல மாவட்டங்களில் பேச்சைத் திரட்டிவருகிறது. ஆனாலும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையின் பேச்சைத் 'தவறான உச்சரிப்பு' என்று ஒரு செயலி திருத்தத் தொடங்கினால், பள்ளிக்கூடம் செய்துவந்த அதே அவமதிப்பை மலிவாகவும் வேகமாகவும் செய்ததாகிவிடும். போன் பிரச்சினை வேறு. வேலைக்கு வெளியூர் போகும் அப்பாவோடு வீட்டின் ஒரே ஸ்மார்ட் போனும் போய்விடும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம். அந்த ஒப்புதலை எந்த ஊரில் இருக்கும் அப்பாவிடம் எந்த நேரத்தில் கேட்பது?

கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸின் கதை இங்கே நீளமாக வேண்டாம். 2022இல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட நிறுவனம், 2024 ஜூலையில் திவால் நடைமுறைக்குள் போனது. பெற்றோரை நெருக்கி விற்கும் முறைக்காகக் குழந்தைகள் உரிமை ஆணையம் அந்த நிறுவனத்தின் தலைவரை 2022 டிசம்பரிலேயே விளக்கம் கேட்டு அழைத்திருந்தது. செலவு போனது பக்கத்தில் உட்காரும் ஆளுக்கு அல்ல, விற்பனை ஆளுக்கு.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 அக்டோபரில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிய தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி'யில் மாலை நேரம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கொரோனா கால இழப்பிலிருந்து தமிழகக் கிராமப் பிள்ளைகள் மீண்டதில் சுமார் நாலில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் என்று முரளிதரன் குழுவே பின்னர் கணக்கிட்டது. அதற்கு மென்பொருள் தேவைப்படவில்லை. அந்தப் பெண்களிடம் இல்லாதது, எந்தப் பிள்ளை எந்தப் படியில் சறுக்குகிறது என்று நொடியில் சொல்லும் கருவி. செயலி செய்வோரிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கல்வராயனுக்குத் தளம் கட்ட வரும் தொழில்முனைவோர், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். அங்கே மாலைநேரமும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்; சிக்னல் இல்லாதபோதும் ஓடும்படி ஒரு சிறிய சர்வரை வைக்க முடியும். பிள்ளைக்குப் பேசும் திரையைவிட, அங்கே இருக்கும் ஆசிரியைக்கோ படித்துவிட்டு ஊரில் இருக்கும் அக்காவுக்கோ "இன்று இந்த ஐந்து பேருக்குக் கடன்வாங்கிக் கழித்தல்" என்று சொல்லும் திரையை முதலில் செய்யட்டும். அந்த அக்காவுக்கு மாதம் எவ்வளவு, அதை யார் தருவது என்ற வரி வணிகத் திட்டத்தில் சர்வர் செலவுக்கு மேலே இருக்க வேண்டும். நான் பார்த்த திட்ட விளக்கங்களில் அந்த வரியே இருந்ததில்லை.