ஊர் தேடி வந்த பொலிகுதிரை

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஸ்காட்லாந்துக் கிராமச் சாலைகளில் ஒரு காலத்தில் தவறாமல் காணக்கிடைத்த காட்சி இது. பிடரியில் ரிப்பன் பின்னி, வாலை முடிந்து, பித்தளை மின்னும் கடிவாளத்தோடு ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள குதிரை ஒன்று நடந்து வரும். பக்கத்தில் ஒரே ஒரு குதிரைக்காரர். அவர் பையில் அச்சடித்த சின்ன அட்டைகள் இருக்கும். குதிரையின் பெயர், பதிவு எண், தகப்பன், தாய், தாயைப் பெற்ற தகப்பன் எல்லாம் அதில் இருக்கும். திங்கட்கிழமை எந்த ஊர், செவ்வாய்க்கிழமை எந்தச் சந்தை, இரவுத் தங்கல் எந்தப் பண்ணையில் என்பதும் இருக்கும். கடைசி வரியில் கட்டணம். சாதகமும் பயணத் திட்டமும் ஒன்றாகச் சேர்ந்த அட்டை அது.

இழுவைக் குதிரை இனங்களின் வரலாற்றைப் பெரும்பாலும் கண்காட்சியில் பரிசு வாங்கியவற்றை வைத்தே எழுதுகிறார்கள். அந்த இனங்களை உண்மையில் ஆக்கியவை இப்படி இனப்பெருக்கத்துக்காக ஊர் ஊராக நடந்த பொலிகுதிரைகளும், அவற்றை வாடகைக்கு எடுத்த வட்டார விவசாயிகளும்தான் என்பது என் துணிபு.

இரண்டு பெட்டைக் குதிரைகளை வைத்து உழுகிறவனால் ஒரு பொலிகுதிரையைக் கட்டித் தீனி போட முடியாது. அடக்கி ஆள்வதும் எளிதல்ல. ஆகவே வட்டாரத்து விவசாயச் சங்கம் முன்வந்தது. பொலிகுதிரைகளை ஓரிடத்தில் கூட்டிப் பார்த்து, சிறந்ததைத் தேர்ந்து, உடையவருக்குப் பரிசுப் பணம் கொடுத்தது. அதற்கு ஈடாக அந்தப் பருவம் முழுவதும் குதிரை அந்த வட்டாரத்துக்குள் சுற்றி வர வேண்டும். ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் எழுத்துப் பதிவுகள் 1837 முதல் இருக்கின்றன. பின்னாளில் கிளாஸ்கோ நகரின் பொலிகுதிரைக் கண்காட்சி இந்த ஒப்பந்தங்களுக்குப் பெரிய களமாயிற்று. எந்தக் குதிரை எந்த வட்டாரத்துக்குப் போகும் என்று அங்கே முடிவானது.

பண்ணை முற்றத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். குதிரை வந்ததும் நேரே பெட்டையிடம் விட்டுவிட மாட்டார்கள். உறுதியான மரக் கதவுக்கு அந்தப் பக்கம் பெட்டை, இந்தப் பக்கம் பொலிகுதிரை. பருவத்துக்கு வராத பெட்டை காதைப் பின்னுக்கு மடக்கும், கிறீச்சிடும், கதவை உதைக்கும். பருவத்தில் இருப்பது கதவோடு சாய்ந்து நிற்கும், வாலை ஒதுக்கும். அதற்குப் பிறகுதான் சேர்க்கை. பெட்டை உதைத்தால் பொலிகுதிரையின் கால் போய்விடும் என்பதால் பெட்டையின் பின்னங்கால்களைக் கட்டி வைப்பதும் உண்டு. பெட்டையின் பருவம் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை திரும்பும். வாரம் ஒரு சுற்று நடக்கிற குதிரை, மூன்றாம் சுற்று முடிந்து அதே முற்றத்தில் நிற்கும்போது கணக்கு சரியாக இருக்கும். சினை பிடிக்காத பெட்டையை அன்றைக்கே கண்டுகொள்ளலாம். கட்டணத்தில் ஒரு பகுதியைச் சேர்க்கையின்போதும், மீதியைச் சினை உறுதியான பிறகும் கொடுப்பார்கள். குட்டி பிறக்க ஏறத்தாழ பதினொரு மாதம்.

எந்தக் குதிரை நல்ல குதிரை? இந்தக் கேள்விக்கு மண்ணுக்கு ஒரு பதில் கிடைத்தது.

ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல் இனக் குதிரை வளர்ப்பவர்கள் காலில் தொடங்குவார்கள். மேல் உடம்பு தீனியால் வளர்ந்துவிடும், கீழே இல்லாதது ஒருநாளும் வராது என்பது அவர்கள் கொள்கை. நடுவர் முதலில் குனிந்து குளம்பைத்தான் பார்ப்பார். அகன்று, வட்டமாய், குதிகால் பக்கம் விரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கணு, சரியான சாய்வில். பின்னங்கால் மூட்டுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்க வேண்டும். வெளியே விரிந்த மூட்டை அங்கே மன்னிக்கவே மாட்டார்கள். காரணம் உழவில் இருக்கிறது. 9 அங்குல அகலச் சாலாக ஓர் ஏக்கரை உழுது முடிக்க ஏறத்தாழ 11 மைல் நடக்க வேண்டும். அதுதான் ஒரு ஜோடிக் குதிரைகளின் ஒருநாள் உழவு. குறுகிய சாலுக்குள் காலை அகட்டாமல் எடுத்து வைக்கிற குதிரைதான் அந்த நடையை நாள் தவறாமல் நடக்கும். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பட்டு போன்ற மயிர்க்கற்றை அழகுக்கு மட்டும் அல்ல. மயிர் மெல்லியதாக இருந்தால் உள்ளே எலும்பும் தரமானது என்று அதை ஓர் அடையாளமாக வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வளர்ந்த ஷயர் குதிரைக்கு அளவுகோல் வேறு. குதிரையின் உயரத்தைத் தோள் மேட்டில் கைக்கணக்கில் அளப்பார்கள், ஒரு கைக்கு 4 அங்குலம். ஷயர் பொலிகுதிரை 17 கைக்குக் குறையக் கூடாது, அதாவது 5 அடி 8 அங்குலம். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அதன் முதுகுக்கு மேல் பார்வை போகாது. இவ்வளவு உடம்பு உழவுக்குத் தேவையில்லை, நகரத்துக்குத் தேவைப்பட்டது. துறைமுகச் சுமை, ரயில் நிலையச் சரக்கு, மது ஆலைப் பீப்பாய் எல்லாம் குதிரை வண்டியில் போன காலம். விவசாயி இளங்குதிரையை ஏரில் பழக்கி, அதன் உழைப்பில் பயிரும் எடுத்து, வயது முதிர்ந்து கட்டுடல் ஆனதும் நகரத்துக்கு விற்றான். குத்தகைப் பணம் பெரும்பாலும் அந்த விற்பனையில்தான் வந்தது. கனத்த பொலிகுதிரை ஊருக்கு வருவது அவனுக்கு வாழ்வாதாரப் பிரச்சினை.

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் கெட்டிக் களிமண். காலில் மயிர் இருந்தால் சேறு அப்பிக்கொள்ளும். ஆகவே மழித்தது போன்ற வெறுங்காலே அந்த ஊர் வழக்கு. நிறமும் செம்பழுப்பு ஒன்றே, அதற்குள் ஏழு சாயல்களைப் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். வயிறு ஆழமாக இருக்க வேண்டும். காலையில் ஏர் பூட்டினால் பிற்பகல் வரை நடுவில் தீனி வைக்காமல் ஒரே மூச்சில் உழுவது அந்தப் பக்கத்துப் பழக்கம், அதற்கு வயிறு தாங்க வேண்டும். இன்று இருக்கும் சஃபோக் குதிரைகள் அனைத்தும் 1768-இல் பிறந்த ஒரே ஆண் குதிரையின் வழி வந்தவை. அஃபர்டு ஊரில் கிரிஸ்ப் என்பவர் வைத்திருந்த குதிரை அது. இந்த இனத்துக்குக் குளம்பு சரியில்லை என்ற பழி எழுந்தபோது வளர்ப்போர் அதை மூடி மறைக்கவில்லை. கண்காட்சியில் குளம்புக்கென்றே தனிப்போட்டி வைத்துத் திருத்தினார்கள். நான் மிகவும் மதிக்கிற காரியம் இது.

பிரான்சின் பெர்ஷ் வட்டாரத்துப் பெர்ஷரான் குதிரை கனத்தோடு ஓட்டமும் காட்ட வேண்டியிருந்தது. பயண வண்டிகளையும், பின்னர் பாரிஸ் நகரத்துப் பேருந்து வண்டிகளையும் அது இழுத்தது. 1823-இல் பிறந்த ழான் லெ ப்ளாங் அந்த இனத்தின் ஆதித் தகப்பன். அங்கே அரசே பொலிகுதிரைகளை வைத்திருந்து, இனச்சேர்க்கைப் பருவத்தில் வட்டார நிலையங்களுக்கு அனுப்பிவைத்தது. பெல்ஜியத்துக் குதிரையும் கனத்தில் பெயர்போனது. இந்த இரண்டு இனங்களுக்கும் காலில் சடை குறைவு என்பதால் அமெரிக்கச் சமவெளி விவசாயிகள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆனால் வம்சப் பதிவேட்டைச் சொல்லித் தூய்மை பேசுகிறவர்களை நான் முழுதாக நம்புவதில்லை. கிளைட்ஸ்டேல் சங்கம் 1877-இலும், ஷயருக்கான சங்கம் 1878-இலும் உண்டாயின. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு இனத்து ரத்தமும் தாராளமாகக் கலந்தது. கலந்தவர்களில் லாரன்ஸ் ட்ரூ போன்ற பேர்பெற்ற வளர்ப்பாளர்களும் உண்டு. பதிவேட்டின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: யாருக்கு யார் பிறந்தது என்று தெரிந்தால், கெட்டது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

அந்தக் கெடுதலைத் தடுக்கத்தான் சட்டம் வந்தது. மூச்சு இழுக்கையில் சத்தம் போடும் குறைபாடும், திரும்பத் திரும்ப வரும் கண் நோயும் உள்ள பொலிகுதிரைகளை விலக்க 1885-இல் பிரான்ஸ் சட்டம் செய்தது. பிரிட்டன் 1918-இல்தான் உரிமம் கொண்டுவந்தது. குளம்பின் பக்கக் குருத்தெலும்பு எலும்பாக இறுகிப்போகும் நோயும் அங்கே தகுதியிழப்புக்குக் காரணமாக இருந்தது. வயலில் பெரிதாகத் தெரியாத அந்த இறுக்கம், நகரத்துக் கல்பாவிய தெருவில் குதிரையை நொண்டியாக்கிவிடும். பரம்பரையாக வருவதால் ஒரு பொலிகுதிரை ஒரு வட்டாரத்தையே நொண்டியாக்க முடியும்.

நல்ல குதிரையாலும் ஆபத்து உண்டு. 1900-இல் பிறந்த பேரன் ஆஃப் பக்லைவி என்ற கிளைட்ஸ்டேல் குதிரைக்காக இரண்டு கூட்டாளிகள் பிரபுக்கள் சபை வரை வழக்காடினார்கள். 1911-இல் ஏர் நகரில் ஏலம் விட்டபோது 9,500 பவுண்ட் விலை போனது. 1914-இல் பெட்டை ஒன்று உதைத்துக் கால் முறிந்தது, சுட்டுக் கொன்றுவிட்டார்கள். எலும்புக்கூடு கிளாஸ்கோவின் கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன் மகன் டன்யூர் ஃபுட்பிரின்ட் தகப்பனை மிஞ்சிய பெயர் வாங்கியது, அதற்குப் பெட்டைகள் வந்து குவிந்தன. அடுத்த தலைமுறைகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த இரண்டின் பேரப்பிள்ளைகளே நின்றன. எல்லோரும் ஒரே பொலிகுதிரையை நாடினால் இனத்தின் வாசல் குறுகிவிடும். இந்தக் குறையைப் பொறுத்தவரை பழைய வட்டார முறை மேலானது. வட்டாரத்துக்கு ஒரு குதிரை என்று இருந்ததால் ரத்தம் பரவலாக நின்றது.

டிராக்டர் வந்ததும் எல்லாம் வேகமாக முடிந்தது. 1946-இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்ற கிளைட்ஸ்டேல் பொலிகுதிரைகள் 200-க்கு மேல், 1949-இல் 80. சஃபோக் இனத்தில் 1966-இல் பதிவான குட்டிகள் வெறும் ஒன்பது. ஒரு சிலர் லாபம் பாராமல் வைத்துக் காத்ததால்தான் இன்று இந்தக் குதிரைகள் இருக்கின்றன.

இப்போது பொலிகுதிரை நடப்பதில்லை, உறைய வைத்த விந்து ஊர் ஊராகப் போகிறது. பெல்ஜியக் குட்டிகள் சில, தோல் உரிந்து பிறந்து சாவதற்குக் காரணமான மரபணுவை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். அந்தக் காலத்து உரிமத்தின் இடத்தில் இன்றைக்கு இருப்பது இந்தப் பரிசோதனைதான். பொலிக்கு விடுகிறவர்கள் எவராயினும் முடிவை மறைக்காமல் வெளியிட வேண்டும்.

எடின்பரோவுக்கு அருகே இங்கிலிஸ்டனில் ஜூன் மாதம் ராயல் ஹைலண்ட் கண்காட்சி நடக்கும். போகிறவர்கள் பொலிகுதிரைகள் நிற்கும் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிடரியிலும் ரிப்பனிலும் கண் நின்றுவிட வேண்டாம். குளம்பைப் பார்க்க வேண்டும் என்று குதிரைக்காரரிடம் கேளுங்கள், சந்தோஷமாகத் தூக்கிக் காட்டுவார்.