இடைவெளியில் ஊன்றிய வாதம்

பாயில் விதியை மாணவர் அனைவரும் அறிவர். அந்த இராபர்ட் பாயில் 1691-இல் மறைந்தபோது, கிறித்தவ சமயத்தின் மீதான ஐயங்களுக்கு விடையளிக்கும் சொற்பொழிவுகள் ஆண்டுதோறும் நடைபெற உயிலில் பொருள் ஒதுக்கியிருந்தார். 1692-இல் முதல் சொற்பொழிவுகளை ஆற்றியவர் ரிச்சர்ட் பென்ட்லி.

பென்ட்லி ஐயுறுவோரைக் கடிந்துரைப்பதோடு நிற்கவில்லை. 1687-இல் வெளிவந்த நியூட்டனின் 'பிரின்சிப்பியா'வை முயன்று கற்றார். நியூட்டனுக்கே கடிதம் எழுதித் தெளிவு பெற்றார். இந்த உழைப்பு பாராட்டத்தக்கது.

அவருடைய வாதங்களுள் ஒன்றைப் பார்ப்போம். கோள்கள் ஏறத்தாழ ஒரே தளத்தில், ஒரே திசையில் சூரியனைச் சுற்றுகின்றன. ஈர்ப்பு மட்டும் இதை விளக்காது. எனவே இது இறைவனின் திட்டம் என்றார். நியூட்டனும் உடன்பட்டார்.

ஈர்ப்பு மட்டும் போதாது என்பது சரியே. ஆனால், நாம் அறிந்த காரணம் போதவில்லை என்பதனால் இயற்கையில் வேறு காரணமே இல்லை என்று முடிவு செய்யலாமா? 1755-இல் காண்ட்டும் 1796-இல் லாப்லாசும் வேறு விளக்கம் தந்தனர். சுழலும் வாயு முகில் சுருங்கும்போது கோண உந்தம் மாறாதிருப்பதால் தட்டுப்போல் தட்டையாகிறது. அதில் பிறக்கும் கோள்கள் ஒரே திசையில் சுற்றுகின்றன. அத்தகைய தட்டு ஒன்றை, இளம் விண்மீனைச் சூழ்ந்த நிலையில், சிலி நாட்டிலுள்ள ஆல்மா தொலைநோக்கி 2014-இல் படமெடுத்தது.

இதனால் இறைவன் இல்லை என்று ஆகிவிடாது. வீழ்ந்தது அந்த வாதமே. அறிவியல் இன்னும் விளக்காத இடத்தில் நம்பிக்கையை ஊன்றுவோர் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அஞ்ச நேரிடும். பென்ட்லியின் உழைப்பைக் கைக்கொள்வோம். அவருடைய அவசர முடிவை அன்று.