டெமோவுக்குக் காசு வரும் வழி

மூன்று நான்கு பாட்டு, பயிற்சி அறையிலேயே பதிவு, போட்டோக்கொப்பி எடுத்து மடித்த அட்டை. மெட்டல் குழுக்களின் டெமோ பெங்களூரிலும் கொழும்பிலும் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்தது. பிறந்த பிறகு யார் கைக்குப் போகிறது, காசு எப்படித் திரும்பி வருகிறது என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

இந்தியாவில் டெமோ முதலில் ஒரு விண்ணப்பம். கல்லூரி விழாக்களின் ராக் போட்டிகளுக்கு ஆள் எடுக்கும்போது பதிவை அனுப்பச் சொல்வது வழக்கம். 1993இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை, பெயர் தெரியாத குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து வாசகர்களிடம் சேர்த்தது. பெங்களூரின் டையிங் எம்ப்ரேஸ் குழு 1998இல் ‘க்ரோடெஸ்க் என்டிட்டி’ என்ற பதிவை வெளியிட்டது. மும்பையில் டெமானிக் ரெசரெக்‌ஷனைத் என்ற குழுவாகத் தொடங்கிய சாஹில் மகிஜா, பிறகு டெமன்ஸ்டீலர் ரெக்கார்ட்ஸ் என்று தானே ஒரு நிறுவனம் நடத்தி, மற்ற குழுக்களின் பதிவுகளையும் வெளியே கொண்டுவந்தார். பெரிய சந்தை இல்லைதான். ஆனாலும் ஓர் ஊரில் விற்காதது இன்னொரு ஊரில் விற்கும்.

இலங்கையில் அந்த ‘இன்னொரு ஊர்’ கிடையாது. கொழும்பு, அடுத்து கண்டி, அவ்வளவுதான். 2009 வரை போர் வேறு. நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாங்கினாலும் சில நூறு பிரதிகளைத் தாண்டுவது கடினம். எனவே பதிவு கடல் கடக்கிறது. இலங்கைக் குழுவான ஜெனோசைட் ஷ்ரைன்ஸின் முழு ஆல்பம் 2015இல் வந்தது கனடாவின் வால்ட் ஆஃப் ட்ரைட் போன்ஸ் நிறுவனம் வழியாக. இத்தகைய சிறு நிறுவனங்கள் குழுவுக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. அச்சிட்டதில் ஒரு பங்கைப் பிரதிகளாகத் தருகின்றன. அவற்றை விற்று வருவதுதான் கூலி. ஆனால் உள்ளூர்ப் போட்டி நடுவர்களைத் திருப்திப்படுத்தும் கட்டாயம் இல்லாததால்தான் இலங்கைக் குழுக்கள் இவ்வளவு மூர்க்கமாக, சமரசமின்றி வாசிக்கின்றன என்று நம்புகிறேன். அந்த இசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேசட் போய், குழுக்களே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம் வந்ததும் எல்லாருக்கும் ஒரே கடை என்றார்கள். அந்தக் கடையின் கல்லாப்பெட்டி, பேபால் என்ற இணையப் பணச் சேவை. இலங்கையில் பேபால் வழியாகப் பணம் அனுப்பலாம், நெடுங்காலமாகப் பெற முடிந்ததில்லை. கொழும்புக் குழு தன் பாட்டை விற்க வெளிநாட்டில் கணக்கு வைத்திருக்கும் நண்பரைத் தேட வேண்டும், அல்லது மறுபடி வெளிநாட்டு நிறுவனம்தான். இந்தியாவில் சிக்கல் தலைகீழ். 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. ஜெர்மானிய ரசிகரின் காசு பெங்களூருக்கு வரும். சென்னை ரசிகரின் காசு அந்த வழியில் வராது.

2022இல் இலங்கை ரூபாய், டாலருக்குச் சுமார் 200இலிருந்து 360 வரை சரிந்தது. வெளிநாட்டிலிருந்து தங்கள் பதிவையே வரவழைப்பது அங்குள்ள குழுக்களுக்கு எட்டாத செலவாயிற்று. இவ்வளவுக்கும் கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே விமானப் பயணம் ஒன்றரை மணி நேரம்தான். கொழும்புக் குழுவின் கேசட்டைச் சென்னைக்காரர் ஐரோப்பாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ தபால் செலவு கொடுத்து வரவழைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

2024 பிப்ரவரியில் இந்தியாவின் கைபேசிப் பணமுறையான யுபிஐ இலங்கைக் கடைகளில் செல்லுபடியாகத் தொடங்கியது. கொழும்பு நிகழ்ச்சிக்குப் போகும் இந்திய ரசிகர், விற்பவரிடம் இலங்கையின் ‘லங்கா க்யூஆர்’ பணக்குறியீடு இருந்தால் கைபேசியிலேயே காசு கொடுத்துக் குழுவிடமிருந்து நேரடியாக வாங்கலாம். வீட்டிலிருந்தபடி அப்படிக் குழுவிடமே வாங்கத்தான் இன்னும் எளிய வழியில்லை. பெங்களூரிலோ சென்னையிலோ சிறு நிறுவனம் நடத்துபவர்கள் இலங்கைப் பதிவுகளை இங்கேயே அச்சிட்டு விற்க முன்வர வேண்டும்.