தறிச்சத்தம் நின்ற மடிக்கணினி

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்த காதுக்கு, மேசைமேல் ஒரு மடிக்கணினி கரகரப்பதெல்லாம் உறைக்காது. சித்தப்பா மகள் பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி வருஷக்கணக்காக அப்படித்தான் அரைத்துக்கொண்டிருந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்பகாலப் பெட்டி அது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். இப்போது அதில் தறிக்கூடத்துக் கணக்கு ஓடுகிறது. பொத்தானை அமுக்கிவிட்டுத் தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாலும் அது இன்னும் எழுந்துகொண்டேதான் இருக்கும்.

"இதுக்குப் போயி ரூவா போடணுமாண்ணே?" என்று கேட்டாள். ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு மட்டும் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

காரணம் எளிது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்று முடிக்க 11 மில்லிசெகண்டு எடுக்கும். கேட்ட தகவல் முள்ளுக்கு அடியில் வந்து சேரும்வரை செயலி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கணினி எழும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்க வேண்டியிருப்பதால், இந்தக் காத்திருப்புதான் நிமிடங்களாகச் சேர்கிறது. எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை; 0.1 மில்லிசெகண்டு அளவில் பதில் வந்துவிடும். அட்டைப்பெட்டியில் நொடிக்கு 500 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பழைய மடிக்கணினிக்காரர்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

மாட்டுவதில் ஒரே ஒரு சிக்கல். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி மடித்து இடைவெளியில் வைத்தேன். ஆடவில்லை.

இனி எந்த இயங்குதளம்? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை வாசலிலேயே நிறுத்திவிடும். எனவே லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இந்த மடிக்கணினிகளில் அப்போதே விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவில் அதை ஒருவரும் திறந்து நான் பார்த்ததில்லை.

நிறுவுவதற்கு முன்பே பயாஸுக்குள் போய் டிஸ்க் ஏஹெச்சிஐ முறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விண்டோஸைப் போட்டபின் இதை மாற்றினால் சில நேரம் நீலத்திரைதான் மிஞ்சும். பார்ட்டிஷனை எந்த இடத்தில் தொடங்குவது என்ற பழைய கவலையை இன்றைய நிறுவிகளே பார்த்துக்கொள்கின்றன.

அடுத்தது ட்ரிம். எஸ்எஸ்டியில் எழுதுவது சிறு பக்கங்களாக, அழிப்பது பெரிய தொகுதிகளாக. சிலேட்டில் ஒரு எழுத்தை மட்டும் அழிக்க விடாமல் முழுச் சிலேட்டையும் துடைக்கச் சொல்வதுபோல. எந்தப் பக்கங்கள் இனி வேண்டாம் என்பதை இயங்குதளம் சொல்லிவைத்தால், சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க் துடைத்துக்கொள்ளும். விண்டோஸில் இது 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே உண்டு. மின்ட் வாரம் ஒருமுறை தானே செய்கிறது. அது ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தேன், ஓடியது.

ரேம் போதாதபோது டிஸ்கில் இடம் பிடிக்கும் ஸ்வாப்பை அணை, பிரவுசரின் தற்காலிகக் கோப்புகளை ரேமுக்கு மாற்று, பதிவேடுகளை நிறுத்து என்றெல்லாம் இன்னும் சொல்கிறார்கள். எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற அந்தக்காலத்துப் பயம். நான் வாங்கியதன் உத்தரவாதம் 80 டெராபைட் எழுதும்வரை. தினம் 10 ஜிபி எழுதினாலும் 8,000 நாள், ஏறக்குறைய 22 வருஷம். அதற்குள் கீல் உடைந்துவிடும். 2 ஜிபி ரேமில் ஸ்வாப்பை அணைத்தால் பிரவுசர் மூச்சுத் திணறிச் சாகும். ஸ்வாப்பை விட்டுவைத்து, அதை நாடும் அளவை மட்டும் 60-இலிருந்து 10 ஆகக் குறைத்தேன். சிதறிய கோப்புகளை அடுக்கும் டிஃப்ராக், சுழலாத எஸ்எஸ்டிக்கு வேண்டவே வேண்டாம்.

முன்பு கைப்பேசிக் கடிகாரத்தில் 2 நிமிடம் 50 விநாடி காட்டியது. இப்போது 28 விநாடி. கணக்குத் தாள் தொட்டதும் திறக்கிறது. கரகரப்பு அறவே இல்லை. மின்விசிறி ஒலிதான் கேட்கிறது. ஆனால் செயலி அதே கிழம்தான். கனமான இணையப்பக்கத்தில் முன்புபோலவே முக்குகிறது, நான்காவது டேபைத் திறந்தால் சுணங்குகிறது. அடுத்த காசு ரேமுக்கு.

தங்கச்சியிடம் அழுத்திச் சொன்னது வேறொன்று. ஹார்டு டிஸ்கில் தவறி அழித்த கோப்பைப் பல நேரம் மீட்டுவிடலாம். ட்ரிம் ஓடிவிட்ட எஸ்எஸ்டியில் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். பேட்டரி உயிரில்லாத பெட்டி வேறு. கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். அதனால் பழைய 320 ஜிபி டிஸ்கைத் தூக்கிப் போடவில்லை. யுஎஸ்பி உறைக்குள் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை கூலிக் கணக்கு முடிந்ததும் எடுத்து மாட்டிப் பிரதி எடுக்கிறாள். அந்தப் பத்து நிமிடம் மட்டும் பழைய கரகரப்பு வீட்டில் கேட்கும்.