ஜி.டி. நெல்லூர் வீட்டுத் தொலைக்காட்சிக்கு எந்த ஸ்டிக்?

ஆந்திர-சென்னை எல்லை குறித்த படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, சித்தூரும் அதனைச் சூழ்ந்த தமிழ் பேசும் ஊர்கள் பலவும் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டன. அந்த எல்லைக்கோட்டின் விளைவாக, ஜி.டி. நெல்லூர் என்று வழங்கும் கங்காதர நெல்லூரிலும், தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் பாலசமுத்திரம் போன்ற மண்டலங்களிலும், வீட்டுப் பேச்சு தமிழாகவும் பள்ளிப் படிப்பு தெலுங்காகவும் அமைந்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. இத்தகைய வீட்டின் தொலைக்காட்சிக்கு மாலையில் சன் டிவியும் வேண்டும், ஈடிவியும் வேண்டும். கேபிள் இணைப்பு இரண்டையும் ஒரே கம்பியில் கொண்டுவந்ததால், நெடுங்காலம் இது ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. புதுப்படங்களும் தொடர்களும் இணையவழி ஓடிடி தளங்களுக்கு இடம்பெயர்ந்த பிறகு, அவற்றைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவரும் சாதனம் எது என்ற கேள்வி எழுந்துள்ளது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் 4கே என்ற சொல்லைக் காட்டிலும், இரு மொழியையும் தடங்கலின்றித் தருமா, ஊரிலுள்ள இணைப்பைத் தாங்குமா என்னும் இரண்டு அளவுகோல்களே இங்கு அச்சாதனத்தின் தகுதியைத் தீர்மானிக்கின்றன.

ஸ்டிக் எனப்படுவது தொலைக்காட்சியின் பின்புறமுள்ள ஹெச்டிஎம்ஐ துளையில் செருகப்படும் விரல் நீளச் சிறு கணினி. அது வைஃபை வழியாக இணையத்தைப் பெற்று, தன்னுள் நிறுவப்பட்ட செயலிகளை இயக்கி, படத்தையும் ஒலியையும் திரைக்கு அனுப்புகிறது. இதே வேலையைச் செய்யும் சற்றுப் பெரிய வடிவத்தைப் பாக்ஸ் என்கின்றனர். இந்தியச் சந்தையில் கிடைப்பவற்றை அமேசானின் ஃபயர் டிவி, கூகுளின் ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி, ஆப்பிள் டிவி என மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். மூன்றாவதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: 2022இல் 14,900 ரூபாய்க்கு வந்த ஆப்பிள் டிவி 4கே, வேகத்திலும் திரை ஒழுங்கிலும் மற்ற எல்லாவற்றையும் விஞ்சுகிறது, ஆனால் அந்த விலையில் ஒரு 32 அங்குலத் தொலைக்காட்சியையே வாங்கிவிட முடியும் என்பதால், ஐபோன் புழங்காத வீட்டுக்கு அது பொருந்தாது.

சாதனத்தைப் பார்ப்பதற்கு முன் இணைப்பைப் பார்க்க வேண்டும். ஆந்திர அரசின் ஏபி ஃபைபர்நெட் திட்டத்தை 2017 டிசம்பர் 27 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கிவைத்தார். மின்கம்பங்களின் மேலேயே கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துச் செல்லும் முறையால் செலவைக் குறைத்து, இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் மாதம் 149 ரூபாயிலிருந்து தருவதாக அது அறிமுகமானது. அத்திட்டத்தின் செட் டாப் பாக்ஸ் வழியே வருவது ஐபிடிவி, அதாவது இணைய நெறிமுறையில் அனுப்பப்படும் வழக்கமான சேனல்கள். அதற்கு ஸ்டிக் தேவையில்லை; ஓடிடி செயலிகளுக்கு மட்டுமே அது தேவைப்படுகிறது. சேனல்களோடு மனநிறைவு அடையும் வீட்டுக்கு ஸ்டிக் ஒரு வீண்செலவு என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டுள்ள பரிந்துரைப்படி, முழு ஹெச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகமும், 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேகமும் போதும். இழை இணைப்பு உள்ள வீட்டுக்கு இவை எட்டக்கூடிய எண்களே. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஸ்டிக் வாங்குவோருக்குத்தான் கணக்கு உதைக்கிறது. ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை தரவைச் செலவழிக்கும் என்று அதே நிறுவனம் கூறுவதால், இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கு 7.5 ஜிபி வரை ஆகலாம், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் அது ஐந்து நாள் பங்கு. இணைப்பு கைபேசி மட்டுமே என்றால், டிஷ் ஆன்டெனாவோ கேபிளோ தொடர்வதே அறிவுடைமை.

இழை இணைப்பு இருந்தும் படம் நின்று நின்று ஓடுவதற்குப் பெரும்பாலும் ரவுட்டர் இருக்கும் இடமே காரணமாகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும், ஆனால் வேகம் குறைவு; 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தடித்த கல் சுவர் ஒன்றைக் கடப்பதற்குள்ளேயே மெலிந்துவிடும். ஸ்டிக் தொலைக்காட்சியின் முதுகில், சுவருக்கும் திரைக்கும் இடையில் ஒளிந்திருப்பதால் அதன் வரவேற்புத்திறன் மேலும் குறைகிறது. பெட்டியோடு வரும் சிறு ஹெச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பியைப் பலர் எறிந்துவிடுகின்றனர். அதைப் பயன்படுத்தி ஸ்டிக்கைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுவந்தாலே இக்குறை பல வீடுகளில் தணியும். மின்சாரத்துக்கும் இதே கவனம் தேவை. பழைய தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளை பொதுவாக அரை ஆம்பியர் மட்டுமே தரும். ஸ்டிக்குகளோ ஒரு ஆம்பியர் அடாப்டரோடு வருகின்றன. யுஎஸ்பியில் செருகிவிட்டு, சாதனம் தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்று குறைகூறுவதில் பொருளில்லை.

படத்தின் தெளிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹெச்டி ரெடி என்று விற்கப்படும் 32 அங்குலத் திரையில் பொதுவாகக் கிடையாக 1366 புள்ளிகள் உள்ளன. முழு ஹெச்டியில் 1920, 4கேயில் 3840. சிறிய திரைக்கு 4கே ஸ்டிக் வாங்கினால் படம் மேம்படாது. எனினும் 4கே ஸ்டிக்குகளில் நினைவகம் கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால், அந்தக் காரணத்துக்காக அவற்றை வாங்குவதில் நியாயம் உண்டு. 43 அங்குலத்துக்கு மேற்பட்ட 4கே திரை இருந்தால், அதன் ஹெச்டிஎம்ஐ துளைகளில் எது ஹெச்டிசிபி 2.2 என்னும் நகல்தடுப்பு நெறிமுறையை ஏற்கிறது என்று பார்த்துச் செருக வேண்டும். தவறான துளையில் செருகினால் 4கே படம் தரம் குறைந்தே வரும்.

ஃபயர் டிவி ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தது. அதைச் சென்னையிலுள்ள ஃபாக்ஸ்கான் துணை நிறுவனத்தின் ஆலையில் தயாரிக்கப்போவதாக 2021இல் அமேசான் அறிவித்தது. தொடக்கநிலை வகையான லைட், 1 ஜிபி நினைவகமும் 8 ஜிபி சேமிப்பும் கொண்டது. ஒரே செயலியைத் திறந்து படம் முடியும்வரை பார்ப்பவருக்கு அது போதும். மூன்று நான்கு செயலிகளுக்கிடையே தாவும்போது திணறுவது கண்கூடு. அதன் ரிமோட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டவும் அதை அணைக்கவும் பொத்தான்கள் இல்லாததால், இரண்டு ரிமோட்டுகளை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டு முதியவருக்கு இது சிறிய குறையன்று. 4கே மேக்ஸ் வகையில் இக்குறை இல்லை. 2 ஜிபி நினைவகம் அதன் நடையைச் சீராக்குகிறது. எந்த வகையானாலும் முகப்புத் திரை பிரைம் வீடியோவின் விளம்பரப் பலகையாகவே இருப்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த ஊருக்கு ஃபயர் டிவியின் பெருங்குறை குரல்வழித் தேடலில் இருக்கிறது. அலெக்சா இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உரையாடுகிறதே தவிர, தமிழிலோ தெலுங்கிலோ உரையாடுவதில்லை. படத்தின் பெயரை மட்டும் சொன்னால் பல சமயம் புரிந்துகொள்கிறது. ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் தடுமாறுகிறது. ஆங்கில எழுத்துப் பலகையில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தித் தட்டச்சு செய்வது, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கும் தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கும் ஒருபோலத் துன்பமே.

கூகுள் குடும்பம் இங்கேதான் முந்துகிறது. கைபேசியில் தேர்ந்தெடுத்த காணொளியைத் திரைக்கு மாற்றுவதைக் காஸ்ட் செய்தல் என்பர். அப்போது கைபேசி வெறும் ரிமோட்டாக மாறிவிட, படத்தைச் சாதனமே இணையத்திலிருந்து நேரடியாகப் பெறுகிறது. கூகுளின் குரல் தட்டச்சு தமிழையும் தெலுங்கையும் அறிந்திருப்பதால், பாட்டி தன் மொழியில் பேசித் தேடிய யூடியூப் காணொளியைப் பேரப்பிள்ளை திரைக்குத் தள்ளிவிடலாம். திருமலை பிரம்மோற்சவத்தை எஸ்விபிசி தமிழ்ச் சேனலின் யூடியூப் பக்கத்தில் பார்க்க விரும்பும் வீட்டுக்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் எல்லாச் செயலியும் இதற்கு இடம்தருவதில்லை. ரிமோட்டோடு வரும் பெரும்பாலான சாதனங்களுக்குக் கைபேசியிலிருந்து காஸ்ட் செய்வதை நெட்ஃபிளிக்ஸ் 2025 இறுதியில் நிறுத்திவிட்டது.

இந்த வழியைப் பிரபலமாக்கிய குரோம்காஸ்டின் உற்பத்தியை 2024 ஆகஸ்டில் கூகுளே முடித்துக்கொண்டதால், கடைகளில் இப்போது கிடைக்கும் பழைய இருப்பை வாங்குவது உசிதமன்று. ஷவோமியின் சாதனங்களே நடைமுறைத் தேர்வு. அவற்றுள் 2020இல் வந்த மி டிவி ஸ்டிக் 1 ஜிபி நினைவகத்தால் மிக மெதுவானது. மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கத்தக்கது. 2022 பிப்ரவரியில் 4,999 ரூபாய்க்கு வந்த டிவி ஸ்டிக் 4கே, 2 ஜிபி நினைவகத்தோடு தாராளமாக இயங்குகிறது. சேமிப்பு இதிலும் 8 ஜிபிதான். அதில் கணிசமான பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்வதால், தேவையற்ற செயலிகளை நிறுவாதிருப்பது நல்லது. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியை ஏற்கெனவே வைத்திருப்பவர் தனி ஸ்டிக் வாங்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி பழையதாகி, செயலிகள் புதுப்பிக்கப்படாமல் நின்றபின் வாங்கினால் போதும்.

செயலிகளைப் பொறுத்தவரை, தமிழும் தெலுங்கும் ஒரே சந்தாவில் கிடைக்கும் சன் நெக்ஸ்ட் 2017 முதல் இயங்குகிறது. 2020இல் தெலுங்குக்கெனத் தொடங்கிய ஆஹா, 2022 தமிழ்ப் புத்தாண்டில் தமிழையும் சேர்த்துக்கொண்டது. ஒலித்தடம் என்பது ஒரே படத்தோடு இணைத்துத் தரப்படும் மொழிவாரி ஒலி. சில தளங்கள் ஒரு தலைப்பின் கீழேயே எல்லா ஒலித்தடங்களையும் தருகின்றன. சில தளங்களில் தமிழ்ப் பதிப்பும் தெலுங்குப் பதிப்பும் தனித்தனிப் படங்களாகத் தோன்றுவதால், பாதிப்படத்தில் மொழியை மாற்ற முடிவதில்லை. இது செயலியின் குணமேயன்றி ஸ்டிக்கின் குணமன்று. ஸ்டிக்கைச் சார்ந்த ஆபத்து வேறு: செயலி இருப்பதும் இல்லாததும் நிறுவனங்களின் உறவைப் பொறுத்தது. கூகுளும் அமேசானும் பூசலிட்டதால் 2018 தொடக்கம் முதல் 2019 ஜூலை வரை ஃபயர் டிவியில் யூடியூப் செயலி இல்லாதிருந்தது. 2025 அக்டோபரில் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட், ஆண்ட்ராய்டை விட்டு வேகா என்னும் புது இயங்குதளத்துக்கு மாறியிருப்பதால், சிறிய தென்னிந்தியத் தளங்கள் தம் செயலியை அதற்கெனப் புதிதாக எழுதித் தர வேண்டும். அவை வந்து சேர்ந்தனவா என்று பார்க்காமல் அதை வாங்குவது முறையன்று.

பெயரற்ற மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களைப் பற்றி எச்சரிக்கை ஒன்றே சொல்லத்தக்கது. வைட்வைன் என்பது படம் திருட்டுப்போகாமல் காக்கும் பூட்டு. அதன் எல்1 சான்று இல்லாத சாதனத்தில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை ஹெச்டி தராமல் மங்கலான படத்தையே தரும். அதைவிடக் கேடானது, அத்தகைய பாக்ஸ்கள் சில ஆலையிலிருந்தே தீநிரலோடு வருகின்றன என்பதாகும். பேட்பாக்ஸ் 2.0 எனப்பட்ட அத்தீநிரல் வலையைப் பற்றி அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. எல்லாப் படமும் இலவசம் என்று விற்கப்படும் பெட்டியை வீட்டு வைஃபையில் சேர்ப்பது, கைபேசியில் வங்கிக் கணக்கை வைத்திருப்பவர் செய்யத்தக்க செயலன்று.

இழை இணைப்பும் இரு மொழியும் உள்ள வீட்டுக்கு, 2 ஜிபி நினைவகம் கொண்ட கூகுள் குடும்ப 4கே ஸ்டிக்கே முதல் தேர்வு. பிரைம் வீடியோவையே அதிகம் பார்ப்பவருக்கு ஃபயர் டிவி 4கே மேக்ஸ். லைட் வகையும் மி டிவி ஸ்டிக்கும் விலைக்காக மட்டும் வாங்கத்தக்கவை அல்ல. எதை வாங்கினாலும், திருப்பியளிக்கும் கெடு முடிவதற்குள் சன் நெக்ஸ்ட், ஆஹா, ஈடிவியின் செயலியான ஈடிவி வின், யூடியூப் ஆகிய நான்கையும் நிறுவி, வீட்டின் இரு மொழியிலும் ஒவ்வொரு படத்தை இரவு எட்டு மணி நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். தடுமாறினால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.