தொண்டும் நிலமும்: காந்தியத்தின் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

இடருற்ற மக்களுக்கு இளைஞர் அமைப்புகள் ஆற்றும் தொண்டினைப் போற்றாதார் இலர். ஆயின், அதனை அளந்தறிய முயன்றோர் மிகச் சிலரே. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கொடகவெலவும், அதனையடுத்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் அவ்வளவீட்டுக்கு உரிய களமாகும்.

1977ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூண்ட இனவன்செயல் தோட்டத் தமிழர் பலரை வடக்கு நோக்கி ஓடச் செய்தது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களே தாக்குதலுக்கு இலக்காயின. அவ்வாறு வவுனியாவை அடைந்தோரை ஏற்றுத் தாங்கிய அமைப்புகளுள் தலையாயது காந்தியம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதனை நடத்தினர். அதனை இளைஞர் சங்கம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் அதன் கையும் காலும் இளைஞரே. பாலர் பாடசாலைகளை நடத்தியவரும், மருத்துவ உதவியை ஊர்தோறும் கொண்டு சென்றவரும், காடு திருத்திக் குடிசை அமைக்கத் துணைநின்றவரும் அவர்களே.

காந்தியத்தின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. ஒருவேளைச் சோறு அளித்தலோடு அது அமையவில்லை. அகதி மீண்டும் உழவனாதல் வேண்டும் எனக் கருதிற்று. இப்பார்வை அக்காலத்து நிவாரணப் பணியினும் பல படி உயர்ந்தது எனலாம்.

எனினும், அதன் குறையும் இச்சிறப்பின் உள்ளேயே இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர் அம்மக்களுட் பலர். அரச காணியைப் பெறும் உரிமை அவர்க்கு இல்லை. உழைப்பினால் நிலம் விளையும், உறுதிப்பத்திரம் விளையாது. மேலும், அவர்கள் குடியேறிய நிலங்களுட் பல இனப்பூசலின் எல்லைக்கோட்டில் அமைந்திருந்தன. ஓரிடத்து அச்சத்தினின்று தப்பியோர் மற்றோரிடத்து அச்சத்தின் வாயிலில் இருத்தப்பட்டனர்.

விளைவு கொடியது. 1983 ஏப்ரலில் காந்தியத்தின் தலைவர்கள் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். தோட்டத்து அகதிகள் வாழ்ந்த டொலர், கென்ட் பண்ணைகளினின்று 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட, அந்நிலங்கள் சிறைக்கைதிகளின் குடியிருப்புகளாயின. மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள் என்று காப்பியம் கூறும். இங்கோ அறக்கோட்டம் சிறைக்கோட்டமாயிற்று.

இதற்காகத் தொண்டரைப் பழித்தல் நேர்மையன்று. சட்டம் மறுத்ததை இளைஞரின் தோள்வலி ஈடுசெய்ய இயலாது. ஆயின், தொண்டு எங்கே முடிகின்றது, உரிமை எங்கே தொடங்குகின்றது என்னும் வினாவை எழுப்பாத தொண்டு, தன் பயனைத் தானே இழக்கும்.

இவ்வினா பழையதன்று. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. எனினும், லயன் அறைகளில் வாழ்வோர் மிகப் பலருக்குத் தாம் வாழும் நிலம் இன்னும் சொந்தமாகவில்லை. 2017 மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. இத்தகைய வேளைகளில் உலருணவுப் பொதியுடன் விரையும் மாணவரும் இளைஞரும் பாராட்டுக்குரியர். முதல் நாள் பசியைப் போக்குவது அவர் கடன். நூறாம் நாளில் மீண்டும் அங்கே சென்று, ‘இவர் எந்த நிலத்தில் வீடு கட்டுவர்?’ என்று கேட்பதும் அவர் கடனே. காந்தியம் தன் வெற்றியாலும் வீழ்ச்சியாலும் உணர்த்தும் பாடம் இதுவேயாம்.